கேட்டவர்களிடம் மட்டும்

“கத்தாத. கேக்குது. நான் என்ன செவிடா?”

விசிலக்கா குக்கரை இப்படி அதட்டிவிட்டுத்தான் அடுப்பைக் குறைப்பாள். அது அடங்கவில்லையென்றால், “இன்னைக்கு உனக்கு வாய் ரொம்ப நீளுது” என்று கரண்டியால் அதன் தலையில் ஒரு தட்டு விழும். மிக்சியோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தடவை அது அவள் விரலைப் பதம் பார்த்துவிட்டது. அன்று முதல் இருவருக்கும் ஆகாது. வெங்காயம் நறுக்கும்போது மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வாள், பேப்பர் பார்க்கும்போது கழற்றி வைத்துவிடுவாள். கேட்டால், “வெங்காயம் கண்ணைக் குத்தும். பேப்பர் குத்துமா?” என்பாள். டீயை நின்றுகொண்டுதான் குடிப்பாள். உட்கார்ந்து குடித்தால் அது வயிற்றுக்குப் போகாமல் முழங்காலுக்கு இறங்கிவிடுமாம்.

நாலு மாடிக் கட்டடம் அது. குக்கரோடு அவள் போடும் சண்டை படிக்கட்டு வரைக்கும் கேட்கும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் விசிலக்கா. பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. முதல் மாடியில், தனியாக இருக்கும் மேட்ரன் அம்மா வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடப் பையோடு அவள் பின்னாலேயே வந்த மகள், இப்போது எங்கோ தூரத்து ஊரில் ஒரு தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை செய்கிறாள். அத்தனை காலமாக விசிலக்காவுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அந்தக் கட்டடத்தில் இது ஓர் அதிசயம். மற்ற வீடுகளில் வேலைக்கு வந்தவளின் பெயர் வாயில் பழகுவதற்குள் ஆள் மாறிவிடும். அதனால் மேட்ரன் அம்மாவை லிஃப்டுக்குள் கண்டால் மடக்கிக்கொள்வார்கள். “உங்க வீட்ல மட்டும் எப்படிங்க ஆள் நிக்குது?” பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். இன்றைக்கும் படுக்கை விரிப்பின் மூலையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்வதுபோலத்தான் மடித்துச் செருகுவார். பதில் கைவசம் தயாராக இருக்கும். நாம் சாப்பிடுவதை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் திட்டக் கூடாது. லீவு கேட்டால், ஏன் எதற்கு என்று குடையாமல் கொடுத்துவிட வேண்டும். “சம்பளத்துக்காக யாரும் நிக்கறதில்ல. மனுஷங்களுக்காகத்தான் நிப்பாங்க.”

வாய்ப்பேச்சு மட்டும் இல்லை அது. விசிலக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று வயிற்றைக் கிழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் மேட்ரன் அம்மாதான். வெந்நீரில் துணியை நனைத்து அவள் உடம்பைத் துடைத்துவிட்டவரும் அவரே. “என்னைப் பெத்தவகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா” என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் விசிலக்கா சொல்லுவாள். சொல்லிவிட்டுக் கூடவே ஒரு பெருமூச்சும் விடுவாள். இத்தனை வீடுகள் இருக்கிற கட்டடத்தில் வேறு ஒருவர்கூட, ‘எங்க வீட்டுக்கும் வாயேன்’ என்று அவளைக் கேட்டதில்லை. தன் கைப்பக்குவம் மேட்ரன் அம்மாவின் நாக்குக்கு மட்டும்தான் ஒத்துவருகிறது போல என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த ஒரு வீடும் இல்லாவிட்டால் தன்னை யார் சேர்ப்பார்கள் என்ற நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் மதியம் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, படிக்கட்டின் அடியில் இரண்டாவது மாடிப் பெண் அவளை நிறுத்தினாள். புதிதாகக் குடிவந்தவள். இடுப்பில் கைக்குழந்தை, தலை வாரி இரண்டு நாள் ஆகியிருக்கும் போல ஒரு கோலம்.

“அக்கா, உங்களத்தான் தேடிட்டிருந்தேன். சாயங்காலத்துல கொஞ்ச நேரம் எங்க வீட்லயும் சமைச்சுக் குடுப்பீங்களா? உங்க சமையல் வாசனை எங்க ஜன்னல் வரைக்கும் வருது. இவளை வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் முடியல.”

“என் சமையலா? என் சமையல் வாசனையாம்மா?” விசிலக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். முகம் பூத்துவிட்டது. “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லட்டுமா?”

“தாராளமா கேளுங்க. அப்புறம் அக்கா...” பெண் குரலைத் தாழ்த்தினாள். “பழசெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளும் இல்ல.”

“எந்தப் பழசு?”

“அதான்... அந்தச் செயின்.”

“எந்தச் செயின்மா?”

“நீங்க எடுத்தீங்களே, அதுதான்கா. மேட்ரன் அம்மா சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க உங்களக் குறையாவே சொல்லல. நான்தான் உங்களப் பத்தி விசாரிச்சேன், வேலைக்கு வர்றவங்க நம்மகிட்ட நிக்கணும்னா என்ன பண்ணணும்னும் கேட்டேன். மன்னிக்கத் தெரியணும்னாங்க. ‘செயினை எடுத்தவளையே நான் மன்னிச்சு வெச்சுக்கிட்டேன், இன்னைக்கு வரைக்கும் என்னை விட்டுப் போகலை’ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுக்கா.”

விசிலக்கா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரிடமோ பேசுகிறாள் என்றுதான் தோன்றியது. பின்னால் தபால் பெட்டிகள் மட்டும் இருந்தன. சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டாள்.

“என்னையாம்மா சொல்றீங்க?”

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சங்கடத்தைப் பார்த்ததும் விசிலக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அப்புறம் எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் மாடியில் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. கால் அதுபாட்டுக்கு ஏறியது. கண்ணுக்கு நேரே வெயில் அடித்தபோதுதான் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றாள். கையில் பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டிருந்தது.

பொய், அந்தப் பெண் எதையோ தப்பாகக் கேட்டிருக்கிறாள் என்று மனசு முதலில் அடித்துச் சொன்னது. மேட்ரன் அம்மாவாவது, அப்படிச் சொல்வதாவது. வேறு எந்த வீட்டுக் கதையையோ சொல்லியிருப்பார். ஆனால் அதே மனசு, கூப்பிடாமலே ஒவ்வொன்றாக எடுத்து வந்து முன்னால் வைக்கவும் ஆரம்பித்தது. எதிர் வீட்டுப் பல் டாக்டரின் மனைவி. ஒரு கப் சர்க்கரை வாங்கப் போனால்கூட, “வாங்க வாங்க” என்று அவளோடு சமையலறைக்குள் வந்து, அவளோடேயே வாசல் வரைக்கும் வருவார். ஒரு நொடி தனியாக விடமாட்டார். இதை விசிலக்கா மகளிடம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! “எதிர் வீட்டம்மா என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்கடி. அவ்ளோ மரியாதை.”

மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மரியாதையாம் மரியாதை.

கீழே வந்தபோது மேட்ரன் அம்மா சாப்பாட்டு மேசையில் மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

“பால் வாங்க இவ்ளோ நேரமா?”

“அம்மா, நான் எந்தச் செயினை எடுத்தேன்?”

மாத்திரை ஒன்று அவர் விரலிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. ‘என்ன செயின்?’ என்று அவர் கேட்டிருந்தால் போதும். ‘என்ன உளர்றே?’ என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால்கூடப் போதும். பழி எல்லாவற்றையும் இரண்டாவது மாடிப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு விசிலக்கா அடுப்படிக்குப் போயிருப்பாள். போவதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

“யார் சொன்னா?” என்றார் மேட்ரன் அம்மா.

யார் சொன்னா. அப்படியென்றால் இவர் சொல்லியிருப்பது உண்மைதான்.

“முதல்ல உட்காரு. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. தண்ணி குடி.”

“சொல்லுங்கம்மா.”

“உன்னை நான் குறை சொல்லவே இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னது. உனக்கு முன்னாடி இருந்தவளை எதிர் வீட்ல தட்டிட்டுப் போனாங்க. அவளுக்கும் முன்னாடி இருந்தவளைக் கீழ் வீட்ல. நான் உட்கார்ந்து பழக்கி விடுவேன், இவங்க கூடக் கொஞ்சம் போட்டுக் குடுத்து நோகாம கூட்டிட்டுப் போவாங்க. திரும்பவும் நான் முதல்லேர்ந்து ஆள் தேடணும். நான் என்னதான் பண்றது?”

“அதுக்கு என்னைத் திருடி ஆக்கிட்டீங்களா?”

“அந்த வார்த்தை என் வாயிலயே வரல.” மேட்ரன் அம்மாவுக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது போலிருந்தது. “மெல்லிசா ஒரு செயின்னுதான் சொன்னேன். பெருசா ஏதாவது சொன்னா, ஏன் போலீஸுக்குப் போகலைன்னு கேப்பாங்க. சில்லறைக் காசுன்னு சொன்னா யாரும் பயப்பட மாட்டாங்க. அதான், அளவா.”

அளவா. ஊசியில் மருந்தை ஏற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர் சொல்வதைப் போல அவர் அதைச் சொன்னார். இதையும் யோசித்திருக்கிறார். உட்கார்ந்து, நிதானமாக, கூட்டிக் குறைத்து யோசித்திருக்கிறார். ஏதோ ஒரு நாள், அவள் அதே வீட்டில் அவருக்குத் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கூட இருக்கலாம்.

“யார் யார்கிட்டம்மா சொன்னீங்க?”

“ஊரெல்லாம் தமுக்கு அடிச்சேனா என்ன? கேட்டவங்ககிட்ட மட்டும்தான்.”

“என்னத்தைக் கேட்டவங்க?”

“உன்னைக் கேட்டவங்க.”

விசிலக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். திருட்டுப் பட்டத்தைவிட இதுதான் அவளை உலுக்கியது.

“என்னைக் கேட்டாங்களா?”

மேட்ரன் அம்மா மாத்திரையைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“என்னை வேணும்னு கேட்டாங்களாம்மா? இந்தக் கட்டடத்துல?”

“கேக்காம? உன் கை அப்படி” என்றார் அவர் மேசையைப் பார்த்தபடியே. “எல்லாரும்தான் கேட்டாங்க.”

குக்கர் விசில் அடித்தது. யாரும் அதை அதட்டவில்லை. இரண்டாவது விசிலும் வந்தது. விசிலக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னை ஒருவரும் கேட்டதில்லை என்று நினைத்து, கேட்ட ஒரே ஒருவருக்காகக் காய்ச்சலிலும் மழையிலும் ஓடி வந்த நாட்களெல்லாம் அந்தச் சுவரில் யாரோ எழுதி எழுதி அழிப்பதைப் போலிருந்தது அவளுக்கு.

“இந்தக் கையாலதான என் உடம்பைத் துடைச்சு விட்டீங்க” என்றாள்.

“அதுவும் நான்தான்” என்றார் மேட்ரன் அம்மா. குரல் உடைந்துவிட்டது. “நீயும் போயிட்டா எனக்கு யார் இருக்கா?”

“நான் போறேன்னு எப்பம்மா சொன்னேன்?”

மேட்ரன் அம்மா மாத்திரை டப்பாவை மூடினார்.

விசிலக்கா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பாலை ஃபிரிட்ஜில் வைத்தாள். திரும்பி வந்து, “எழுந்திரிங்க” என்றாள்.

“எங்கே?”

“எதிர் வீட்டுக்கு.”

மேட்ரன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் விசிலக்கா சொல்லி அவர் ஒரு காரியமும் செய்ததில்லை. இப்போது எழுந்தார். முழங்கால் வலிக்காரர், விசிலக்கா வழக்கம்போல முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

பல் டாக்டரின் மனைவி கதவைத் திறந்தார். மேட்ரன் அம்மா தொண்டையைச் செருமி, “ஒண்ணுமில்ல, முன்னாடி ஒரு விஷயம் உங்ககிட்டச் சொன்னதுல ஒரு சின்னக் குழப்பம்...” என்று ஆரம்பித்தார்.

“அப்படி இல்லம்மா” என்றாள் விசிலக்கா. “எங்கிட்டச் சொன்ன மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். செயின் என்று ஒன்று காணாமலே போகவில்லை என்று சொன்னார். இவளை யாரும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று தானே கட்டிய கதை என்று சொன்னார். பல் டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது.

“ஐயோ! நான் இத்தனை வருஷமா இவங்க பின்னாலயே அடுப்படி வரைக்கும்...” என்று சொல்ல வந்தவர் முடிக்க முடியாமல் விசிலக்காவைப் பார்த்தார்.

“தெரியும்மா. மரியாதைன்னு நெனச்சேன்” என்றாள் அவள்.

அந்த அம்மாள் அழுதுவிட்டார். மேட்ரன் அம்மா செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது மாடியில் அந்தப் பெண், குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். “நீங்களா? நீங்களாம்மா இப்படி?” என்று மேட்ரன் அம்மாவைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் விசிலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரிக்கா, சாரிக்கா. அப்ப நீங்க சாயங்காலம் மட்டும் ஏன்? நாள் பூரா எங்க வீட்டுக்கே வந்துடுங்களேன்” என்றாள்.

மேட்ரன் அம்மாவின் கை சுவரைத் தேடியது. இத்தனை வருஷமாக அவர் எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ அந்தப் பேச்சு அவர் முன்னாலேயே, அவர் காது கேட்கவே நடந்துகொண்டிருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்மா” என்றாள் விசிலக்கா. அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் சந்தர்ப்பமே வந்ததில்லை. நாக்கில் அது புதிதாக இருந்தது.

லிஃப்டுக்குள் வந்ததும் அவள் நாலாவது மாடிப் பொத்தானை அழுத்தினாள்.

“அங்க வேண்டாமே” என்றார் மேட்ரன் அம்மா. மூச்சு வாங்கியது. “அவர் துணிக்கடைக்காரர். வாய் சும்மா இருக்காது. கடை பூரா சொல்லிச் சிரிப்பார். நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

“அவருகிட்டயுமா சொன்னீங்க?” விசிலக்கா திரும்பினாள். கதவைத் தட்டத் தட்ட யார் யாருக்குத் தெரியும் என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் நாலாவது மாடி வரைக்கும் கிளம்பியிருந்தாள். “எப்ப?”

“அவர் சம்சாரத்துக்குக் கால் ஒடிஞ்சப்போ. வீட்ல சமைக்க உன்னைக் கேட்டார்.”

“என் பொண்ணு அவர் கடையில வேலை கேட்டுப் போனாளே. அவ போனது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது.

மகள் படிப்பை முடித்த கையோடு அந்தக் கடைக்குத்தான் போனாள். பஸ்ஸில் நாலு நிறுத்தம். துணிக்கடைக்காரர், “நாளைக்கே வந்துடும்மா” என்றார். மறுநாள் போனபோது, யார் மகள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, இப்போது ஆள் தேவையில்லை என்றார். அழுதுகொண்டே வந்த பெண்ணை விசிலக்கா தேற்றவில்லை. “நீ ஏதாவது திமிராப் பேசியிருப்பே. இல்லாட்டி ஏன் வேண்டாங்கறாரு?” என்று நறுக்கென்று கேட்டாள். அதற்கப்புறம் பெண் இந்தப் பக்கம் வேலையே தேடவில்லை. மேட்ரன் அம்மாதான் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, தூரத்துத் தொழிற்சாலையில் இடம் வாங்கிக் கொடுத்தார். பெண் அங்கே போன பிறகு அம்மாவிடம் போனில் பேசுவது, ஆமாம், இல்லை, சாப்பிட்டேன் என்ற அளவில் நின்றுவிட்டது.

“பின்னாடி” என்றார் மேட்ரன் அம்மா. முகத்தில் ரத்தமே இல்லை. “பின்னாடிதான். ஐயோ. அந்தப் புள்ளையை நானே பஸ் ஏத்தி விட்டேனே. வேலை இல்லைன்னுட்டாரேன்னு அந்தாளை நானும் சேர்ந்துல்ல திட்டினேன்.”

அவருக்கு இது இப்போது வரை தெரியாது. விசிலக்காவுக்கு அது பார்த்தவுடனே புரிந்தது. மற்ற எல்லாவற்றையும் அளந்து செய்தவர், இது இவ்வளவு தூரம் போய் யாரைத் தொடும் என்று மட்டும் அளக்கவில்லை. அப்போது அவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட வந்தவர் யாருமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் போல இருந்தார்.

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. இறங்க மாட்டேன் என்று அவர் இப்போது சொல்லவில்லை.

துணிக்கடைக்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. விசிலக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து மேட்ரன் அம்மாவின் முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள். வெயில் நாளிலும் அவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் தப்பாக மாட்டியிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டாள். மணியை அழுத்தினாள். உள்ளே டிவி நின்று, காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தபோது, மேட்ரன் அம்மாவின் முழங்கைக்கு அடியில் தாங்கியிருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.